ஷூ நாடா

அன்னெலி தரையில் மண்டியிட்டு, கணவனின் இடது காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஷூ நாடாவைக் கட்டினாள். இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டாள். பதினொரு வருஷமாக, அவன் வெளியே கிளம்பும்போதெல்லாம் தவறாமல் கேட்கிற கேள்வி அது.

ஹோக்கன் வாசலோரத்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். ஸ்டாக்ஹோமில் அவன் தகரம் அடிக்காத பழைய கூரை குறைவு. ஒரு ஜூன் மாதம், நடுக்கோடை விழாவுக்கு முதல் நாள், வேலையை முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் கூரையிலிருந்து வழுக்கி விழுந்தான். அன்றிலிருந்து அவனால் குனிய முடியாது. ஒட்டுப்பட்டை வைத்த ஷூ வாங்கலாமே என்றால், அதெல்லாம் கிழவர்கள் போடுவது என்பான். முதுகு போனாலும் வீம்பு போகவில்லை.

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. அறுபத்திரண்டு படி இறங்கி ஏறினால் மூன்று நாள் படுக்கைதான் என்பதால், ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் தவிர அவன் உலகம் சமையலறை ஜன்னலோடு சரி. கீழே முற்றத்தில் எந்தச் சைக்கிளுக்குப் பின்சக்கரம் இல்லை என்பதுவரை அவனுக்கு மனப்பாடம். அன்னெலியும் வேலை விட்டால் வீடு என்று வந்துவிடுவாள். வடக்கே இருக்கும் தங்கை எத்தனையோ முறை கூப்பிட்டும் போனதில்லை. உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது என்பாள்.

இன்று பத்து மணிக்கு டாக்டரிடம் பதில் சொல்லியாக வேண்டும். அந்த அம்மாள் போன மாதமே பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வழியையும் விளக்கியிருந்தார். பெரிய ஆபரேஷன் என்றால் இரண்டு எலும்புகளைத் திருகாணி போட்டு ஒன்றாக்குவது. பலருக்கு நன்றாகிவிடும், சிலருக்கு இப்போதிருப்பதைவிட மோசமாகும். சின்ன ஆபரேஷனில் நரம்பை நெருக்குகிற இடத்தை மட்டும் சரிசெய்யலாம். ஆபத்து குறைவு, ஆனால் வலி திரும்பி வராது என்று சொல்வதற்கில்லை. மூன்றாவது வழியில் கத்தியே கிடையாது. பயிற்சியும் மாத்திரையுமாகக் காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

அன்று கேள்வி கேட்டதெல்லாம் அன்னெலிதான். பெரிய ஆபரேஷன் செய்தால் அவனே சாக்ஸ் போட்டுக்கொள்வானா, கடைக்குப் போய்ப் பையோடு படியேறுவானா, சமையல் செய்து தனியாகச் சமாளிப்பானா என்று காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்காக எப்படித் துடிக்கிறாள் பார் என்று ஹோக்கனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து பெரிய ஆபரேஷனையே செய்துகொள் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவனுக்கோ பயம். செய்துகொண்டால் கட்டிலோடு கிடக்க நேரலாம், செய்துகொள்ளாவிட்டால் சாகும்வரை இந்த ஜன்னல்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"இன்னும் பயமா இருக்கா?" என்று கேட்டாள் அன்னெலி.

"மோசமாயிட்டா? இப்ப ஜன்னல் வரைக்குமாவது நடக்கிறேனே."

"நல்லாயிட்டா?"

அப்போது அவன் தோளருகே அலமாரித் தட்டில் இருந்த அவளுடைய ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். நகரத்து வீட்டு வரிசையிலிருந்து செய்தி. அவள் முறை வந்துவிட்டதாம், வீடு ஒதுக்கியாகிவிட்டதாம், நாளைக்குள் சம்மதம் சொல்ல வேண்டுமாம்.

அந்த ஊரில் வாடகை வீடு வேண்டுமென்றால் வரிசையில் பெயர் கொடுத்துவிட்டுப் பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம் என்று காத்திருக்க வேண்டும். இது ஹோக்கனுக்குத் தெரியாத விஷயமில்லை. தெரியாதது, தன் வீட்டிலேயே ஒருத்தி காத்திருந்ததுதான்.

"நீ வரிசையில நின்னியா? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

அவள் விரல்கள் ஒரு கணம் நின்றன. "கிடைச்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"எப்ப பேரு குடுத்தே?"

"நீ விழுந்த வருஷம்," என்றாள் அவள், நாடாவைப் பார்த்துக்கொண்டே. "பிப்ரவரியில."

நீ விழுந்த வருஷம் என்றது மட்டும்தான் ஹோக்கன் காதில் விழுந்தது. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து தலைவிதியை நொந்துகொண்டிருந்த காலமெல்லாம் இவள் வரிசையில் நின்றிருக்கிறாள், லிஃப்ட் உள்ள ஒரு வீட்டுக்காக, அவன் முதுகுக்காக. இவளிடம் எத்தனை நாள் சிடுசிடுத்தோம் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. ஒரு மாதமாக எடுக்க முடியாத முடிவு அந்த நிமிஷமே வந்துவிட்டது.

"அப்ப கத்தியே வேணாம் அன்னெலி. டாக்டர்கிட்ட சொல்லிடலாம். லிஃப்ட் இருந்தா நானே கீழ போய் வெயில்ல உட்கார்ந்துக்குவேன். குனிய முடியலைன்னா என்ன இப்ப? ஷூ கட்டிவிடத்தான் நீ இருக்கியே."

அன்னெலி அவன் இடது காலை இறக்கிவிட்டு வலது காலை மடியில் எடுத்தாள். நாடாவை இழுத்துக் கட்டி, அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள். கட்டி முடித்த பிறகும் தலை நிமிரவில்லை. அவனால் குனிந்து அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

"என் கட்டிலை மட்டும் ஜன்னல் பக்கம் போட்டுடாதே," என்று ஹோக்கன் சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "நான் பார்த்த ஜன்னல் போதும்."

அவன் காலை மெல்லத் தரையில் வைத்துவிட்டு அன்னெலி சொன்னாள்:

"அந்த வீடு ஒரு ஆளுக்குத்தான், ஹோக்கன்."