நான்காக மடித்த தாள்

ஆர்லெத்தின் பிரிவுபசார விருந்துக்கு நான் அந்தத் தாளோடுதான் போனேன்.

தொலைக்காட்சி நிலையமே திரண்டிருந்தது. மந்திரி வந்து பதக்கம் குத்திவிட்டார். முன்னோடி அறிவிப்பாளர், முன்னோடித் தயாரிப்பாளர் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். என் கையிலிருந்த ஷாம்பெயின் கசந்தது.

நானும் அவளும் ஒரே நாளில் அறிவிப்பாளராகச் சேர்ந்தவர்கள். மாலை நேரம் அவளுக்கு. மத்தியானச் சமையல் நிகழ்ச்சி எனக்கு. இத்தனைக்கும் என் மூக்கு அவள் மூக்கைவிட எடுப்பானது.

அப்போதெல்லாம் கேமராவுக்குப் பக்கத்துத் திரையில் பார்த்துப் படிக்கும் வசதி கிடையாது. அன்றைய நிகழ்ச்சிகளைத் தட்டச்சு செய்து ஒரு தாளில் தருவார்கள். ஒப்பனை நாற்காலியிலேயே மனப்பாடம் செய்துகொண்டு, நேரலையில் ஒப்பிக்க வேண்டும்.

ஒரு நாள், பவுடர் போடும்போது அவள் கண்ணை மூடியிருந்தாள். அவள் இன்னும் படித்திருக்காத தாளை நான்காக மடித்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவள் திருதிருவென்று விழிப்பாள், மாலை நேரம் எனக்கு வரும் என்று நினைத்தேன்.

அவள் விழிக்கவில்லை. "இன்னிக்கு என்ன வரப்போகுதுன்னு எனக்கே தெரியாது. செய்யப்போறவங்களையே கேட்போம்" என்று சிரித்தாள். விளக்குக்காரர், ஒப்பனைக்காரம்மா என்று ஒவ்வொருவராகக் கேமரா முன் இழுத்து வந்து பேச வைத்தாள். கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. அடுத்த மாதமே அதைத் தனி நிகழ்ச்சியாக அவளிடம் கொடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் ஓடியது.

எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். வருடந்தோறும் மார்ச் ஏழாம் தேதி, பெயர் போடாமல் ஒரு வயலெட் பூச்செண்டு வரும். யாரோ ரசிகன். வேண்டுமென்றே அவள் அறை வழியாக எடுத்துப் போவேன். "நீ கொடுத்து வச்சவ, சொலாஞ்" என்பாள். இந்த வருடம் ஏழாம் தேதி வரவில்லை. தவித்துப்போனேன். ஒன்பதாம் தேதி வந்தது. பிந்தி வந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

விருந்தில் கூட்டம் குறைந்ததும் அவளை ஓரமாகக் கூப்பிட்டுத் தாளை நீட்டினேன். உன் பெருமையெல்லாம் நான் திருடியதால் வந்தது என்று தெரிந்து அவள் முகம் வாட வேண்டும். அதைப் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

அவள் மடிப்பைப் பிரித்தாள். மேலே தேதி அடித்திருந்தது. மார்ச் ஏழு. நான் இதுவரை பிரித்துப் பார்த்ததே இல்லை.

திரும்ப நான்காக மடித்து என் கைப்பைக்குள் வைத்தாள்.

"இந்த வருஷம் பூக்கடைக்காரன் ரெண்டு நாள் தாமதம் பண்ணிட்டான். மன்னிச்சுக்கோ, சொலாஞ்."