சிந்துவின் அப்பா

கதவைத் திறந்ததுமே முன்பின் தெரியாத ஓர் ஆள் உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டார். அல்சூர் வீட்டில் நிருபமா தனியாக இருந்தாள்.

“பத்திரிகையில ‘சிந்து’ங்கிற தொடர்கதை எழுதறது நீங்கதானே?”

நிருபமா ஓரடி பின்வாங்கினாள். அப்பாவின் அடி தாங்காமல் சிந்து வீட்டை விட்டு ஓடிப்போவதாகப் போன வாரம்தான் எழுதியிருந்தாள்.

“அதைப் படிச்சுட்டு என் பொண்ணும் போயிட்டா. பதினாறு வயசு மேடம்! மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தேடிட்டேன்.”

அவர் கை உயர்ந்தது. நிருபமா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அந்தக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அவர் அழுதார்.

“எங்க இருந்தாலும் உங்க கதையைப் படிக்காம இருக்கமாட்டா. அடுத்த வாரம் சிந்துவை வீட்டுக்கு வரவச்சிடுங்க.”

நிருபமா மெல்லத் தலையாட்டினாள்.

“அவ அப்பன் இனிமே கை நீட்டமாட்டான்னும் எழுதுங்க, மேடம்.”