விறகு அடுக்கில் கிடந்த குட்டி

தாய் கைவிட்ட குட்டி என்று காக்கை சொன்னதைச் செவலை நாய் பல வருடமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தது. வாய்விட்டுக் கேட்க மட்டும் பயம்.

மழை கட்டி நின்ற ஒரு காலையில், விறகு அடுக்கின் சந்தில் கண் திறக்காத பூனைக்குட்டி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. மேலே உட்கார்ந்திருந்த காக்கை சொன்னது: "இதோட அம்மா மத்த குட்டிகளைக் கவ்விட்டுப் போயிட்டா. இது வேண்டாம்னு விட்டுட்டா. இனி வரமாட்டா, அண்ணே."

செவலை, பல் படாமல் அதைக் கவ்விக்கொண்டு ஆட்டுக் கொட்டிலுக்கு ஓடியது. பிள்ளை வளர்த்துப் பழகாத ஆண் நாய் அது. வெள்ளாடு படுத்து மடி கொடுத்தது. குட்டி குடித்தது. ஆனாலும் வயிறு கல் மாதிரி வீங்கி, கத்தவும் தெம்பில்லாமல் சுருண்டது.

"செத்துடுமா, அக்கா?"

"பால் மட்டும் போதுமாய்யா? அடிவயித்தை நக்கி விடு, அப்பத்தான் ஒண்ணுக்குப் போகும். இதுகூடத் தெரியாம தூக்கிட்டு வந்துட்டியே!"

செவலை நாக்கு வறள நக்கியது. மூச்சு இருக்கிறதா என்று மூக்கை வைத்து வைத்துப் பார்த்தது. குட்டி பிழைத்தது. கண் திறந்த அன்று செவலையைப் பார்த்து, "அம்மா" என்றது. சந்தேகம் முதலில் வந்ததும் அன்றைக்குத்தான்.

அந்தக் குட்டி வளர்ந்து, தானும் குட்டி போட்டாள். ஒருநாள் மழைக்குப் பயந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனாள். கடைசிக் குட்டிக்கும் நனைந்தபடி திரும்பி வந்தாள்.

செவலை நேரே காக்கையிடம் போனது.

"தம்பி, அன்னைக்கு நான் தூக்கிட்டுப் போனப்புறம், அந்த விறகு அடுக்குக்கு யாராவது தேடிட்டு வந்தாங்களா?"