ஊதுவதற்கு முன்பே

பைக்குள் கைவிட்டுப் போத்தலை எடுத்த சுதர்ஷினி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தெளிந்திருக்க வேண்டிய சுண்ணாம்பு நீர் பாலாக வெளுத்திருந்தது. அவள் இன்னும் ஒரு மூச்சுகூட ஊதவில்லை.

"ஊதுறதுக்கு முன்னயே வெளுத்திருச்சேம்மா. இனி எதக் காட்டப் போறீங்க?" என்றார் நடுவர். பதுளையில் விஞ்ஞானப் போட்டி நடந்த அந்த மண்டபமே சிரித்தது.

பின்னால் பலகையில் அவளே எழுதிய சமன்பாடு நின்றது: Ca(OH)₂ + CO₂ → CaCO₃ + H₂O. இடப்பக்கம் மூச்சுக் காற்றின் CO₂ மாதிரி ஏதாவது போய்ச் சேராமல் வலப்பக்கம் வெள்ளை வராது. நேற்றுப் பாடசாலையில் மூடிப் பைக்குள் வைத்தபோது தெளிவாக இருந்த நீரில் யாரோ எதையோ சேர்த்திருக்கிறார்கள்.

யார் என்று யோசிக்க நேரமே ஆகவில்லை. காலையில் தோட்டத்து வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் அவசரத்திலும் அம்மா கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வந்து, பையைத் தோளில் மாட்டி பஸ் ஏற்றிவிட்டாள். ஸ்பிரிங்வெளி மலைப்பாதை வளைவுகளில் சுதர்ஷினிக்குக் குமட்டியபோது, "நீ கண்ண மூடிக்க, நான் வச்சிக்கிறன்" என்று பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவள், துணைக்கு வந்த றுஷ்தா.

முதலாம் ஆண்டிலிருந்து வகுப்பில் இருவரும் உட்காருவது ஒரே வாங்கு, சாப்பிடுவது ஒரே சோற்றுப் பெட்டி. ஆனால் இந்த மாகாணப் போட்டியில் கலந்துகொள்ளும் வாய்ப்பு ஒருத்திக்குத்தான். விஞ்ஞான ஆசிரியர் விஜேந்திரன் சேர் சுதர்ஷினியைத் தேர்ந்தெடுத்த அன்று றுஷ்தாவின் முகம் வாடியதை அவள் பார்த்திருந்தாள்.

கூட இருந்தே குழி பறித்துவிட்டாளே என்று, மண்டபத்து வாசலில் நின்ற றுஷ்தாவிடம் சுதர்ஷினி நேரே போனாள்.

"நீதானே ஊதின?"

"என்னத்த?"

"நடிக்காத. நான் கண்ண மூடுனதும் தொறந்து ஊதியிருக்க."

"அல்லா மேல சத்தியமா நான் மூடியத் தொடவே இல்ல, சுதா."

"அப்ப அது தானா வெளுத்திருச்சா? சமன்பாடு உனக்கும் தெரியும்தானே."

இனிக் கேட்க ஒன்றுமில்லை என்று சுதர்ஷினி, கூட வந்திருந்த விஜேந்திரன் சேரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகையும் சேர்ந்துகொண்டது.

சேர் றுஷ்தாவைக் கூப்பிட்டார். "உன்கிட்ட இத எதிர்பாக்கல்ல. நாளையிலருந்து விஞ்ஞான மன்றத்துப் பக்கம் வர வேணாம்."

திரும்பி வரும்போது றுஷ்தா பின் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வாப்பாவின் கடைச் சந்தியில் இறங்கியவள் சுதர்ஷினியைத் திரும்பியும் பார்க்கவில்லை. பார்க்க எந்த முகம் இருக்கு என்று சுதர்ஷினி மனதுக்குள் கறுவினாள்.

லயத்து வீட்டு வாசலில் அம்மா அப்போதுதான் கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி ஓடிவந்தாள்.

"என்னடி, மொத பரிசா?"

"தோத்துட்டேம்மா. றுஷ்தா எனக்குத் துரோகம் பண்ணிட்டா. சேர்கிட்ட சொல்லி அவள மன்றத்துலருந்தே நிப்பாட்டியாச்சு."

அம்மாவுக்கு எதுவும் பிடிபடவில்லை. கன்னத்தில் கைவைத்துக்கொண்டு மகளையே பார்த்தாள்.

"எப்படிடி தோத்த? மாரியம்மன் கோயில் துன்னூற அந்தப் போத்தலுக்குள்ளயே போட்டு, நல்லா குலுக்கித்தானே குடுத்துவிட்டேன்."