நாற்பத்தேழு

"இன்னொரு தடவை எண்ணிப் பாருங்க மேடம். மூணே மூணு செல்தானே குறையுது?"

கெஞ்சுவது டெக்னீஷியனுக்கே புதிதாக இருந்தது. பதினொரு வருடமாக அந்த ஆய்வகத்தில் கட்டித் துண்டுகளை மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, பெயரை மறைத்து எண் ஒட்டிக் கொடுப்பவன் அவன். எந்த எண் யாருடையது என்பது அவனுக்கு மட்டும் தெரியும். மைக்ராஸ்கோப்பில் எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. அது விதி.

இது இருபத்தேழாம் எண். நூறு செல்லில் குறைந்தது ஐம்பது பழுப்பாகத் தெரிந்தால்தான் புதுப் புற்றுநோய்த் தடுப்பூசிச் சோதனையில் இடம். தெரிந்தது நாற்பத்தேழு.

"ரெண்டு தடவை எண்ணியாச்சு," என்றார் மேடம், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஓரத்துல மூணு செல் லேசா பழுப்பாத்தானே இருக்கு?"

"அது சாயம் தேங்கி நிக்குது. உன் கைவேலைதான்."

"என் நேரம்!"

"உனக்கே நான் பாடம் எடுக்கணுமா? நல்ல செல்லோட புரதம், சர்க்கரையை ஒழுங்கா சட்டை மாதிரி போட்டிருக்கும். கட்டி செல்லுல அது அரைகுறையா தைச்ச சட்டை; அதுதான் சாயத்துல பழுப்பாத் தெரியுது. 'அந்த அரைகுறைச் சட்டைக்காரனைப் பிடி'ன்னு உடம்புக்குச் சொல்லித் தர்றதுதான் நம்ம ஊசி. சட்டை சரியா இருக்கிறவனை அது எப்படிய்யா பிடிக்கும்?"

"பாதிப் பேரையாவது பிடிக்குமே?"

"மீதிப் பாதி பெருகும். ஊசிக்காக வழக்கமான மருந்தை வேற மூணு மாசம் நிறுத்தியிருப்போம்."

"அந்த மருந்து என்ன கிழிச்சுது? ஊசி போட்ட பதினாலு பேர்ல ஒன்பது பேருக்குக் கட்டி சுருங்கியிருக்கு மேடம்!"

"அந்த ஒன்பது பேருக்கு எத்தனை பழுப்பு?"

"எழுபதுக்கு மேல."

"மீதி அஞ்சு பேருக்கு?"

அந்த எண்களும் அவனுக்கு மனப்பாடம். ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு. அந்த ஐந்து கோப்புகளிலும் 'இறப்பு' என்று எழுதி, மூடி அலமாரியில் வைத்தவன் அவன்தான்.

"ஆளு யாருன்னு தெரிஞ்சா நீங்க இப்படிப் பேச மாட்டீங்க மேடம்."

"சொல்லாதே!" குரல் வெடுக்கென்று வந்தது. "சொன்னா இந்த ஸ்லைடை நான் தொடக் கூடாது. வேற ஆளுதான் எண்ணணும்."

சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் அவன் நாக்கு துறுதுறுத்தது. ஆனால் யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று இருபத்தேழாம் எண்காரரிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

மேடம் மூன்றாம் தடவை எண்ணினார். கையிலிருந்த எண்ணும் கருவி 'டிக், டிக்' என்று நிதானமாக ஒலித்தது. அவன் மனதுக்குள் கூடவே எண்ணினான். நாற்பத்தாறு, நாற்பத்தேழு... அதோடு நின்றது.

'தகுதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"உங்களுக்குக் கல்நெஞ்சு மேடம்." சொன்ன பிறகுதான் பயந்தான்.

மேடம் கோபப்படவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டார். வெள்ளைக் கோட்டை ஆணியில் மாட்டினார்.

"கீழே ஹால்லதான் உட்கார்ந்திருக்காரா?"

"யா... யாரு மேடம்?"

"இருபத்தேழு. நீ கெஞ்சினப்பவே தெரிஞ்சு போச்சு. நீ போக வேண்டாம், நானே சொல்லிக்கிறேன். கட்டித் துண்டு எடுத்த தையலை முதுகுல போட்டுக்கிட்டு வந்து, பக்கத்துல படுக்கிறவளுக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டிருக்கார், பாவம்."

கதவைத் திறந்த மேடம் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"வேற யாராவது எண்ணியிருந்தா, என் முகத்துக்காக மூணு கூட்டிப் போட்டிருப்பாங்க. எனக்கு என் புருஷன் உயிரோட வேணும்யா."