பத்து மணி வரைக்கும்

மூன்று நாள் மூடியிருந்த கண்ணாடித் தட்டைப் பத்து மணிக்குத் திறந்து, மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள் சத்யப்பிரியா. கரைப்பான் மெல்ல ஆவியாகி, குறைக்கடத்தி நானோ துகள்கள் தேன்கூடு போல ஒரே அடுக்காக அணிவகுத்திருந்தன.

பெரம்பலூர் ஆய்வகத்திலிருந்து வரதராஜன்பேட்டைக்கு உடனே போன் போட்டாள். அப்பா உத்திராபதி எடுத்தார்.

“அம்மாகிட்ட குடுங்கப்பா. நாலு தடவை கலைஞ்சு போச்சு, இந்தத் தடவை நின்னுடுச்சு!”

“எல்லாம் வரிசையா வந்துடுச்சாம்மா?”

“வந்துடுச்சுப்பா. யாரும் அடுக்கல, தானா அடுக்கிக்கிச்சு. மூணு நாளா மேசை துளிகூட அசையல.”

“இனிமே அசைஞ்சாலும் கலையாதுல்ல?”

“கலையாதுப்பா, காஞ்சுடுச்சு. அம்மா எங்க, முந்திரிக் காட்டுக்குப் போயிட்டாங்களா?”



“பஸ் ஏறி வாம்மா. விடியக்காலைல அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்துடுச்சு. ஒனக்குச் சொல்லலாம்னு போனை எடுத்தேன். ‘பத்து மணி வரைக்கும் போடாதீங்க, போன் அடிச்சா புள்ள மேசை அதிரும்’னு புடுங்கி வச்சுக்கிட்டா.”

“அப்பா...”

“ஐஸ் பெட்டில வைக்கிறப்பத்தாம்மா அவ கையிலேருந்து போனை எடுத்தோம்.”