எதிர் நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் தையல் கடை மேசையில் நீட்டிப் படுத்திருக்கிறது. பஸ் டிரைவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். எதிர் நாற்காலியில், வாராவாரம் அவரோடு வாதாடும் ஃபிட்டர் இல்லை. அவர் போன மாதம் கண்ணை மூடிவிட்டார். அவருடைய மகள் இருக்கிறாள். அப்பா வாராவாரம் வீட்டை மறந்து எதைத்தான் பேசினார் என்று தெரிந்துகொள்ள வந்தவள். கடவுள் உண்டு என்பது டிரைவர் கட்சி. நியாயம் இல்லாத ஊரில் கடவுளுக்கு என்ன வேலை என்பது ஃபிட்டர் கட்சி. எதிராளியின் வாதத்தை அவரே தலையாட்டும்படி சொன்ன பிறகுதான் தன் பதிலைச் சொல்லலாம். அதுதான் இந்தக் கடைச் சட்டம். எத்தனை ஞாயிறுகள், எத்தனை ஆறிப்போன டீ! டிரைவர் செருமிக்கொள்கிறார். “சாக்கடைக்குள்ள இறங்கினவன் மூச்சு முட்டிச் செத்தான். இறக்கிவிட்டவர் மறுநாளே முதல் வரிசையில நின்னு சாமி கும்பிட்டார். அந்தச் சாமி யார் பக்கம்னு உங்கப்பா கேப்பாரும்மா.” மகள் தலையாட்டவில்லை. “அப்பா இவ்வளவு மரியாதையா கேக்க மாட்டாரு மாமா.” பொத்தான் தைத்துக்கொண்டே டெய்லர் சிரிக்கிறார். “மேசையைக் குத்துவான். என் ஊசி டப்பா கவுந்துடும்.” டிரைவர் எழுகிறார். ஓங்கிக் குத்துகிறார். “இறக்கிவிட்டவன் கும்பிடுறானே, அந்தச் சாமி யார் பக்கம்டா?” ஊசிகள் சிதறி வெயிலில் மினுங்குகின்றன. கண்ணைத் துடைத்தபடி மகள் தலையாட்டுகிறாள். “இப்ப உங்க பதில், மாமா.” டிரைவர் மெதுவாக உட்கார்கிறார். “இத்தனை வருஷமா உங்கப்பனுக்குத்தான் பதில் சொல்லிட்டிருந்தேன். உள்ள இறங்கினவனுக்கு என்ன சொல்றதுன்னு யோசிக்கவே இல்லைம்மா.” மகள் கைப்பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள்.